பிடியைத் தளர்த்துவது எப்படி? நிச்சயமில்லாத வாழ்க்கையோடு பழக ஒரு முழு வழிகாட்டி

அப்பாவை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று ஒரு நோட்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து கட்டங்கள்: நேரம், காய்ச்சல், நாடித்துடிப்பு, குடித்த தண்ணீர், தூங்கிய நேரம். காலையும் மாலையும் ஒருமுறை காய்ச்சல் பார்த்தால் போதும் என்றுதான் மருத்துவர் சொல்லியிருந்தார். நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தேன். இரவில் அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன். நான்காம் நாள் காலை தெர்மாமீட்டரோடு கட்டில் பக்கம் போனபோது அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எழுதினது போதும்மா. கொஞ்ச நேரம் பக்கத்துல வந்து உட்காரு."

நோட்டைப் புரட்டினேன். நாற்பது வரிக்குக் கிட்டத்தட்ட இருந்தது. அதில் ஒரு வரியாவது அவர் தேறுவதை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருக்குமா? மருத்துவர் கேட்ட இரண்டு வேளைக் கணக்கு அவருக்கு. மீதி எல்லாம் எனக்கு. என் பயத்தை அடக்க நான் போட்டுக்கொண்ட கட்டங்கள் அவை. அந்த மூன்று நாளில் அப்பாவோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நான் உட்காரவே இல்லை.

நாம் 'எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்திருக்கிறேன்' என்று சொல்வதில் பெரும்பகுதி வெறும் சரிபார்த்தல்தான். வேலையைச் செய்வது வேறு, செய்த வேலையைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது வேறு. விட வேண்டியது இரண்டாவதை மட்டும். 'விட்டுவிடு' என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருவதற்குக் காரணம், அவர்கள் முதலாவதையும் சேர்த்து விடச் சொல்வதாகக் காதில் விழுவதுதான். கீழே உள்ள படிகள் இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதற்காக. வரிசையாகச் செய்யுங்கள். ஒரு படிக்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

முதல் படி: மூன்று நாள் வெறுமனே கவனியுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஒரு துண்டுத்தாளோ ஃபோனில் ஒரு குறிப்போ போதும். நடக்கப்போவதை உறுதிசெய்துகொள்ள நீங்கள் செய்யும் ஒவ்வொரு சின்னச் செயலையும் எழுதுங்கள். பதில் வந்ததா என்று ஃபோனை எடுத்துப் பார்த்தது. அனுப்பிய செய்தியை மறுபடி படித்தது. 'கோபமில்லையே?' என்று மூன்றாவது முறை கேட்டது. ஒருவரிடம் ஒப்படைத்த வேலையை அவருக்குத் தெரியாமல் நாமே செய்து வைத்தது. வீட்டுக்கு வரவேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் பார்த்தது. நோய் அறிகுறியை இணையத்தில் தேடியது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இதைச் செய்ததால் நடக்கப்போவது மாறியதா, இல்லை என் படபடப்பு கொஞ்ச நேரம் குறைந்ததா?

மாறியது என்றால் 'வே', படபடப்புதான் குறைந்தது என்றால் 'ப'. வேலைக்கு வே, படபடப்புக்கு ப. மூன்றாம் நாள் இரவு எண்ணிப் பாருங்கள். 'ப' அதிகம் இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கிறது. சரிபார்த்தவுடன் மனசுக்கு ஒரு சின்ன நிம்மதி கிடைக்கிறதல்லவா, அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் சரிபார்க்கச் சொல்லி நம்மைப் பழக்குகிறது. முதலில் அந்த நிம்மதி ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் பத்து நிமிடம், கடைசியில் ஃபோனைக் கீழே வைப்பதற்குள் தீர்ந்துபோகும்.

இரண்டாம் படி: மனம் ஏன் இப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொண்டால் நம்மை நாமே திட்டுவது குறையும். அதற்காகத்தான் இந்தப் படி.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு சோதனை. 45 பேர் கணினித் திரையில் பாறைகளைப் பார்த்து, அடியில் பாம்பு இருக்குமா என்று யூகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்அதிர்ச்சி கிடைக்கும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, கிடைக்குமா கிடைக்காதா என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. கெட்ட செய்தி வந்துவிட்டால்கூட ஒருவிதமாகத் தாங்கிவிடுகிறோம், வருமா வராதா என்று காத்திருப்பதுதான் ஆளைக் கொல்கிறது என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது உடம்பில் அளக்கக்கூடிய உண்மை.

அந்த வேதனையிலிருந்து தப்பிக்க மனம் ஒரு வேலை செய்கிறது: கட்டுப்பாடு இல்லாத இடத்திலும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. எல்லென் லாங்கர் என்ற உளவியலாளர் 1975-இல் இதற்கு 'கட்டுப்பாடு பற்றிய மாயை' என்று பெயர் வைத்தார். ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைச் சிலருக்குத் தாங்களே தேர்ந்தெடுக்கவிட்டார், சிலருக்குக் கையில் கொடுத்துவிட்டார். குலுக்கலுக்கு முன்னால் 'இதைத் திருப்பி விற்பதானால் என்ன விலை?' என்று கேட்டபோது, கையில் வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே எடுத்தவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள். பரிசு விழும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். 'நான் தொட்டேன்' என்பதற்காகவே அது நம்முடையதாகத் தெரிகிறது. என் நோட்டுக் கட்டங்களும் அப்படிப்பட்ட சீட்டுகள்தான்.

சரி, போதுமான தகவல் சேர்த்தால் எதிர்காலத்தைக் கணித்துவிட முடியாதா? 1961-இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் கணினியில் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். முதல் முறை 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச தூரம் இரண்டு கணக்கும் ஒன்றாகப் போயின, அப்புறம் முற்றிலும் வேறு வேறு வானிலை வந்தது. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசத்துக்கே இந்தக் கதி. நம் குடும்பத்தையும் உடம்பையும் வேலையையும் எந்தத் துல்லியத்தில் அளந்து வைத்திருக்கிறோம்?

மூன்றாம் படி: ஒரு கவலையை எடுத்துப் பிரியுங்கள்

நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிக்கச் சொன்னவர்களில் பழையவர் எபிக்டெட்டஸ். அடிமையாகப் பிறந்து, ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் தத்துவம் கற்பித்தவர். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத நிலையில் வளர்ந்தவர் சொன்னது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

ஆனால் இரண்டாகப் பிரித்தால் நடைமுறையில் தடுமாறுகிறது. நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. அதனால் தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: நான் செய்வது, நான் கொஞ்சம் அசைக்கக்கூடியது, எனக்குச் சம்பந்தமே இல்லாமல் நடப்பது.

ஒரு நேர்முகத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் முதல் பத்தியில் 'நன்றாகப் பதில் சொல்வது' என்று எழுதுவார்கள். அது அங்கே சேராது. கேள்வி என்ன வரும், அன்றைக்குத் தொண்டை ஒத்துழைக்குமா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது, அதனால் அது நடுப் பத்தி. முதல் பத்தியில் நாள், நேரம் போட்டுச் செய்யக்கூடியது மட்டும் வரலாம்: 'செவ்வாய் இரவுக்குள் நான் செய்த மூன்று வேலைகளைப் பற்றி இரண்டிரண்டு நிமிடம் சத்தமாகப் பேசிப் பார்ப்பேன்.' மூன்றாம் பத்தியில்: வேறு யாரெல்லாம் வருகிறார்கள், அவர்கள் ஏற்கெனவே ஆளை முடிவுசெய்துவிட்டார்களா, கேட்பவருக்குக் காலையில் வீட்டில் என்ன சண்டை.

ஒரு சோதனை இருக்கிறது. முதல் பத்தியில் எழுதிய ஒவ்வொன்றையும் 'உலகத்தில் வேறு யாரும் ஒத்துழைக்காவிட்டாலும் இதை நான் செய்து முடிக்க முடியுமா?' என்று கேளுங்கள். முடியாது என்றால் அது இடம் மாற வேண்டும். 'பிள்ளை என்னிடம் மனசு விட்டுப் பேச வேண்டும்' இடம் மாறும். 'அவன் பேசும்போது நான் ஃபோனைக் கவிழ்த்து வைப்பேன்' நிற்கும்.

நான்காம் படி: செய்ய வேண்டியதைச் செய்து, முடிந்தது என்று எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மற்றதெல்லாம் வெறும் சோம்பலாக முடியும். முதல் பத்தியில் உள்ளதைச் செய்து தீருங்கள். காப்பீடு எடுக்க வேண்டுமா, எடுங்கள். மருந்து வேளை தவறாமல் கொடுக்க வேண்டுமா, கொடுங்கள். நடுப் பத்திக்கு 'இப்படி ஆனால் இதைச் செய்வேன்' என்று ஒரே ஒரு மாற்று ஏற்பாடு எழுதுங்கள். ஒன்றுதான். ஐந்து மாற்று ஏற்பாடு எழுதினால் அதற்குப் பெயர் திட்டம் இல்லை, எழுத்தில் செய்யும் கவலை.

அப்புறம் தாளின் அடியில் 'என் பங்கு முடிந்தது' என்று எழுதி, அடுத்து எப்போது பார்ப்பேன் என்று தேதி போடுங்கள். அந்தத் தேதி முக்கியம். 'இனி நினைக்கவே மாட்டேன்' என்றால் மனம் நம்பாது. 'வியாழன் மாலை ஆறு மணிக்குப் பார்ப்பேன்' என்றால் கொஞ்சம் நம்பும்.

ஐந்தாம் படி: கவலைக்கு ஒரு நேரம் கொடுங்கள்

நினைக்காதே என்று சொன்னால் நினைப்பு கூடும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணி அடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதித்தவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள்.

அதனால் கவலையைத் தடுக்காதீர்கள், தள்ளிப் போடுங்கள். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1983-இல் விவரித்த முறை இது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துக்கொண்டு கையில் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். கட்டிலையும் படுக்கப்போகும் நேரத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள். நான் மாலையில், மொட்டையான ஒரு மர நாற்காலியில் உட்காருவேன். வசதியான நாற்காலி வேண்டாம். உட்கார்ந்ததும் பட்டியலை எடுத்துப் பார்த்தால் காலையில் நெஞ்சை அடைத்த விஷயம் பாதிக்கு மேல் உப்புச் சப்பில்லாமல் தெரியும். மிச்சத்தை அந்த அரை மணி நேரம் முழு மனசோடு கவலைப்படுங்கள்.

பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்துவிடுங்கள்: என்ன நடக்கும் என்று பயந்தேன், உண்மையில் என்ன நடந்தது. பல விஷயங்களைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் 'பொதுவான பதற்றக் கோளாறு' உள்ள 29 பேர் தங்கள் கவலைகளைப் பத்து நாள் எழுதி, முப்பது நாள் வரை என்ன ஆயிற்று என்று பார்த்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. 91.4 சதவீதக் கவலைகள் நடக்கவில்லை. இன்னொருவர் எண் நமக்குப் பெரிய ஆறுதல் தராது, தெரியும். அதனால்தான் உங்கள் கையெழுத்தில் உங்கள் எண் வேண்டும் என்கிறேன்.

ஆறாம் படி: சின்ன விஷயத்தில் பிடியை விட்டுப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பிடியைத் தளர்த்துவது ஒரு முடிவு என்று நாம் நினைக்கிறோம், 'இன்றிலிருந்து விட்டுவிட்டேன்' என்கிறோம். மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுகிறது. இது நீச்சல் மாதிரி, உடம்பு கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். ஆழமில்லாத தண்ணீரில்தான் தொடங்க வேண்டும்.

முதல் படியில் எழுதிய 'ப' செயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் செய்யாமல் விட்டால் எவ்வளவு தவிப்பு இருக்கும் என்று பத்துக்கு எவ்வளவு என்று போடுங்கள். இரண்டு, மூன்று உள்ளவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். சில மாதிரிகள்: சாதாரணமான ஒரு செய்தியை மறுபடி படிக்காமல் அனுப்புவது. எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்பதை இன்னொருவர் முடிவுக்கு விட்டு, போன பிறகும் கருத்துச் சொல்லாமல் இருப்பது. வழக்கமில்லாத பாதையில் நடப்பது. வீட்டில் ஒரு வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவர் முறையிலேயே முடிக்க விடுவது.

செய்யும் முறை இது. முதலில் ஒரு வரியில் கணிப்பு எழுதுங்கள்: 'துணியைத் தப்பாக மடித்து வைப்பார், நான் மறுபடி மடிக்க வேண்டியிருக்கும்.' பிறகு விடுங்கள். தவிப்பு வரும், நெஞ்சிலோ வயிற்றிலோ கையிலோ வரும். எனக்கு விரல்களில் வரும், எதையாவது எடுத்து நேராக வைக்கச் சொல்லி அரிக்கும். அதை விரட்ட வேண்டாம், யாரிடமும் உறுதி கேட்கவும் வேண்டாம். கேட்டுவிட்டால் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் மனம் கற்றுக்கொள்வது 'கேட்டதால் தப்பித்தேன்' என்பதைத்தான். இருபது நிமிடம், அரை மணி நேரம் பொறுங்கள். பெரும்பாலும் ஏறிய தவிப்பு தானே இறங்கும். இறங்காவிட்டாலும் அதை வைத்துக்கொண்டே வேறு வேலை செய்ய முடிந்தது என்பதே அன்றைய பாடம். கடைசியில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். துணி தப்பாகத்தான் மடிக்கப்பட்டிருந்ததா? சரி. அதனால் என்ன ஆயிற்று என்பதையும் எழுதுங்கள். நம் கணிப்பு பலித்த நாட்கள்தான் இந்தப் பயிற்சியில் அதிகம் கற்றுத்தரும்.

தவிப்பு இரண்டு என்று போட்டவை சுலபமானதும் மூன்று என்று போட்டவற்றைத் தொடங்குங்கள். ஏழுக்கும் எட்டுக்கும் அவசரம் இல்லை.

ஏழாம் படி: மனிதர்களை விடுவது

பொருட்களிலும் திட்டங்களிலும் பிடி தளர்ந்த பிறகும் நேசிப்பவர்கள் மேல் தளராது. அங்கே அதற்கு 'அக்கறை' என்று பெயர் வைத்திருக்கிறோம். வளர்ந்த மகளுக்கு நாம் தினமும் சொல்லும் அறிவுரை அவளுக்கு வேறு மாதிரிக் கேட்கிறது, 'உன்னால் முடியாது' என்று கேட்கிறது.

ஒரு மாற்றம் மட்டும் சொல்கிறேன். ஆலோசனை நாக்கு நுனிக்கு வந்ததும் 'நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருங்கள். பதில் நமக்குப் பிடிக்காததாக இருக்கலாம். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் குறுக்கே விழலாம், விழவேண்டும். மற்றபடி அவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை நாம் பட்டுக்கொடுக்க முடியாது.

எட்டாம் படி: தவிப்பு தலைக்கேறும் நேரத்தில்

அந்த நேரத்தில் யோசிக்க வராது, உடம்பைத்தான் பிடிக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள், ஏழெட்டு முறை. இறுகிய விரல்களை விரித்து உள்ளங்கையைத் தொடைமேல் மலர்த்தி வையுங்கள். பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். பிறகு ஒரே கேள்வி: அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்யக்கூடியது என்ன? ஒன்றுமில்லை என்பதும் சரியான பதில்.

ஒன்பதாம் படி: பயந்தது உண்மையிலேயே நடந்துவிட்டால்

சில சமயம் நடந்துவிடும். வேலை போகும், உறவு முறியும், போனவர் திரும்ப வரமாட்டார். ஏற்றுக்கொள்வது என்றால் 'இது நடந்துவிட்டது' என்று ஒப்புக்கொள்வது மட்டுமே. பிடித்துப்போக வேண்டியதில்லை, நல்லதுக்குத்தான் என்று காரணம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இழப்பில் இருப்பவரிடம் 'எல்லாம் நன்மைக்கே' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்டவர் அதன்பிறகு உங்களிடம் வாய் திறக்க மாட்டார்.

'அன்றைக்கு நான் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்' என்று மனம் திரும்பத் திரும்ப ஓடும். நடந்துபோனதையும் கட்டுக்குள் கொண்டுவரப் பார்க்கும் முயற்சிதான் அது. நம் தப்பு என்பதையாவது தாங்கிக்கொள்ளலாம், யார் கையிலும் இல்லாமல் நடந்தது என்பதை மனசால் தாங்க முடிவதில்லை. அந்த நேரத்தில் ஒரு தாளில் அன்றைய நாளில் உங்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதுங்கள். பின்னால் தெரிந்ததை எழுதக் கூடாது. அந்தத் தாளை வைத்து நீங்கள் செய்ததைப் பாருங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

எப்போது உதவி தேட வேண்டும்

அடக்க முடியாத கவலை ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருக்கிறது, தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். பூட்டையோ அடுப்பையோ சரிபார்ப்பதிலேயே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றாலும் அப்படியே. இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. இன்னொன்று: உங்களை அடிப்பவரையோ மிரட்டுபவரையோ 'ஏற்றுக்கொள்ள' இந்த வழிகாட்டியைப் பயன்படுத்தாதீர்கள். அங்கிருந்து வெளியே வருவதற்கான உதவியைக் கேட்பது முதல் பத்தியில் எழுத வேண்டிய காரியம்.

பழைய பழக்கம் திரும்பி வரும்போது

வரும். ஒரு பெரிய செய்திக்காகக் காத்திருக்கும் வாரத்தில் கட்டாயம் வரும். அப்போது ஒன்பது படிகளையும் நினைவுபடுத்திக்கொண்டிருக்க வேண்டாம், முதல் படிக்கு மட்டும் போங்கள். ஒரு துண்டுத்தாள், 'வே', 'ப'.

அப்பாவின் மறுபரிசோதனைக்கு முந்தைய நாள் எனக்கு அப்படித்தான் ஆனது. மாலைக்குள் பதினோரு 'ப' எழுதியிருந்தேன். பன்னிரண்டாவதை எழுதப் போனவள் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொடக் கை போனது. தொடாமல் கையை அவர் கைமேல் வைத்துக்கொண்டேன்.